மாற்றி வைத்த கல்லீரலும் அதைக் காக்கும் என்சைமும்: நம் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தாமானில் இருப்பவர்களில் பாதிப் பேர் பழைய தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவர்கள். ஊரில் ஒருவர் கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டு திரும்பியிருக்கிறார், இன்னொருவர் காத்திருக்கிறார். இந்த நேரத்தில், மாற்றி வைத்த கல்லீரலைக் காப்பாற்றும் என்சைம் ஒன்று உடம்பிலேயே இருப்பதாகப் புலனக் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. அன்றிலிருந்து கோயில் மண்டபத்திலும் கோப்பிக்கடையிலும் என்னைப் பிடித்துக் கேள்வி கேட்காத ஆள் இல்லை. நான் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். சிகிச்சை முடிவை உங்கள் டாக்டரிடம் பேசி எடுங்கள்.

இந்த என்சைம்னா என்ன அண்ணே? மருந்தா, வைட்டமினா?

இரண்டும் இல்லை. நம் செல்களே தயாரிக்கும் ஒரு புரதம் அது. பெயர் ஹீம் ஆக்சிஜனேஸ்-1. இனி எச்ஓ-1 என்றே எழுதுகிறேன். இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினுக்குள் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஹீம் என்ற பகுதி உண்டு. அதை உடைப்பதுதான் எச்ஓ-1 செய்யும் வேலை. உடைத்தால் மூன்று பொருள் கிடைக்கும்: பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி, கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு வாயு, இரும்பு. பிலிவெர்டினை இன்னொரு என்சைம் மஞ்சள் நிற பிலிருபினாக மாற்றிவிடும்.

முழங்காலில் அடிபட்டுக் கன்றிப்போன இடத்தைக் கவனித்திருப்பீர்கள். முதலில் ஊதா, அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள். தோலுக்கடியில் கசிந்த இரத்தத்தின் ஹீம் இப்படிப் படிப்படியாக உடைவதைத்தான் நாம் வெளியிலிருந்து பார்க்கிறோம்.

இந்த உடைப்பு வேலையைச் செய்யும் என்சைமை 1968-இல் அமெரிக்காவில் டென்ஹுனென், மார்வர், ஷ்மிட் ஆகிய மூவர் விவரித்தார்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான். பழைய அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் தினமும் உடைத்துக்கொண்டே இருப்பதால் அங்கே எச்ஓ-1 எப்போதும் கொஞ்சம் இருக்கும். எச்ஓ-2 என்று ஒரு கூடப்பிறப்பும் உண்டு. அது பெரிதாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நெருக்கடியில் ஏறுவது எச்ஓ-1 மட்டும்தான்.

செய்தியில ‘ஸ்ட்ரெஸ் என்சைம்’னு போட்டிருக்கே. வீட்டுல டென்ஷன் ஆனா இது சுரக்குமா?

மாமியார் சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு செல்லுக்கு வரும் நெருக்கடியைப் பற்றிய பேச்சு இது: அதிகச் சூடு, ஆக்சிஜன் தட்டுப்பாடு, நச்சு உலோகம், வீக்கம், அளவுக்கு மீறிய ஹீம். சூடு பட்டால் ஏறும் புரதங்களின் வரிசையில் இதற்கு 32 என்ற எண்ணும் கொடுத்திருக்கிறார்கள்.

சாதாரண நேரத்தில் பாக்-1 என்ற புரதம் எச்ஓ-1 மரபணுவை அடக்கி வைத்திருக்கும். நெருக்கடி வந்தால் பாக்-1 விலகும், என்ஆர்எஃப்-2 என்ற புரதம் வந்து மரபணுவை வேலை செய்ய வைக்கும். அதன்பிறகு என்சைம் தயாராகிச் சேரச் சில மணி நேரம் ஆகும். இந்த தாமதத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

நல்ல கல்லீரலைத்தானே எடுத்து வெக்கிறாங்க? அப்புறம் ஏன் அது கெட்டுப்போகுது?

எல்லாக் கேள்விகளையும்விட இதுதான் முக்கியம், ஆனால் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். கொடையாளியின் உடலிலிருந்து எடுக்கும்போது கல்லீரலுக்கு இரத்த ஓட்டம் நிற்கிறது. உடனே குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தை உள்ளே ஓட்டிக் கழுவி, ஐஸ் பெட்டியில் ஏறக்குறைய 4 டிகிரியில் வைக்கிறார்கள். பல இடங்களில் பயன்படும் திரவம் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சவுதர்டும் 1980-களில் உருவாக்கியது. குளிரில் செல்லின் தேவை வெகுவாகக் குறையும், ஆனால் அடியோடு நிற்காது. கையிருப்புச் சக்தி மெல்லத் தீரும். சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் ஓய்ந்து செல் வீங்கும். இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள்தான் முதலில் நோகும். ஒரு 12 மணி நேரம் வரை தாங்கும் என்பார்கள், ஆனால் அதற்கு வெகு முன்பே வைத்துவிடத்தான் எந்த அறுவைக் குழுவும் பார்க்கும்.

அதைவிடப் பெரிய சேதம் அடுத்து வருகிறது. நோயாளியின் உடலில் குழாய்களை இணைத்துச் சூடான இரத்தத்தைத் திறந்துவிட்டதும் ஆக்சிஜன் ஒரேயடியாக உள்ளே பாயும். பட்டினி கிடந்த செல்கள் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியாமல், தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கிவிடும். கல்லீரலிலேயே குடியிருந்து கிருமியையும் கழிவையும் விழுங்கும் குப்ஃபர் செல்கள் அதனால் கிளறப்பட்டு அழற்சிச் சைகைகளை அனுப்பும். வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேரும். நசுங்கிய சிவப்பணுக்களிலிருந்து ஹீம் கசிந்து நிலைமையை இன்னும் மோசமாக்கும். முதல் சில மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சேதம், அடுத்த ஓரிரு நாளில் இன்னொரு சுற்று. உயிர் தரத் திறந்துவிட்ட இரத்தமே காயமும் செய்கிறது. இதை மீளோட்டக் காயம் என்று அழைக்கிறேன்.

பெரும்பாலான கல்லீரல்கள் இதைத் தாண்டி வந்துவிடும். சில தடுமாறும். அபூர்வமாக ஒன்று வேலையையே தொடங்காது; அப்போது அவசரமாக இன்னொரு கல்லீரல் தேட வேண்டியதுதான்.

உடம்பு ஏத்துக்கலைன்னு சொல்வாங்களே, அதுதானே இது?

இல்லை. ஏற்க மறுப்பது என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் இது அந்நிய உறுப்பு என்று கண்டுகொண்டு தாக்குவது. வழக்கமாக நாள்கள், வாரங்கள் கழித்து வரும், அதற்குத்தான் ஆயுள் முழுக்க மாத்திரை. மீளோட்டக் காயம் ஒரே ஆளின் கல்லீரலை எடுத்து அவருக்கே திரும்ப வைத்தாலும் வரும். ஆனால் இரண்டும் தொடர்பே இல்லாதவையும் அல்ல. முதல் நாள் காயம் பலமாக இருந்தால் அழற்சி கூடி, பின்னால் ஏற்க மறுக்கும் வாய்ப்பும் ஏறும்.

சரி, அந்த நேரத்துல எச்ஓ-1 என்ன செய்யும்?

முதல் கேள்வியில் சொன்ன மூன்று பொருளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கசிந்து கிடக்கும் ஹீம் தானே ஒரு நச்சு, அதை அகற்றுவது முதல் நன்மை. பிலிவெர்டினும் பிலிருபினும் அந்தத் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும். கார்பன் மோனாக்சைடு மிகச் சிறிய அளவில் நுண்குழாய்களை விரித்து இரத்தம் ஓட வழி செய்யும், அழற்சியைத் தணிக்கும், செல்கள் தாமே மடிந்துபோவதைக் குறைக்கும். இரும்பு தனியாக விட்டால் தொல்லைதான். அதைப் பிடித்து அடைத்து வைக்க ஃபெரிட்டின் என்ற புரதம் கூடவே ஏறுகிறது.

இந்த வேலை அதிகம் நடப்பது கல்லீரலின் முதன்மைச் செல்களில் இல்லை, குப்ஃபர் செல்களிலும் அவற்றைப் போன்ற விழுங்கு செல்களிலும்தான். எச்ஓ-1 ஏறிய விழுங்கு செல் சண்டைக் குணம் குறைந்து, சேதத்தைச் சுத்தம் செய்யும் வேலைக்கு மாறுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

கார்பன் மோனாக்சைடு விஷமாச்சே! கார்ல ஏர்கான் போட்டுத் தூங்கி செத்தாங்கன்னு பேப்பர்ல வருதே?

விஷம்தான், சந்தேகமே வேண்டாம். ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆனால் எச்ஓ-1, எச்ஓ-2 இரண்டின் வேலையாலும் நம் எல்லார் உடம்பிலும் எப்போதும் கொஞ்சம் உண்டாகிறது. புகைக்காத ஒருவரின் ஹீமோகுளோபினில் ஏறக்குறைய 1 சதவீதம் இந்த வாயுவைச் சுமந்துகொண்டிருக்கும். அந்த அளவில் அது செல்களுக்கிடையே செய்தி சொல்லும் பொருள்.

‘அப்போ சிகரெட் பிடிச்சா நல்லதா’ என்று கோப்பிக்கடையில் ஒருவர் கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டாலும் கேள்வி கேள்விதான். இல்லை. புகையில் வரும் வாயு நுரையீரல் வழியாக உடம்பு முழுக்கப் பரவும், கூடவே ஆயிரக்கணக்கான வேறு இரசாயனங்களும் வரும். தேவையான செல்லுக்குள், தேவையான நேரத்தில் துளியாக உண்டாவது வேறு.

பிலிருபின் ஏறுனாதானே மஞ்சக்காமாலை? அது எப்படி நல்லதாகும்?

காமாலையில் கண் மஞ்சளாவது பிலிருபினால்தான். ஆனால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அது நோயின் அடையாளம், நோய்க்குக் காரணம் அல்ல. கல்லீரல் பழுதானாலோ பித்தக் குழாய் அடைத்தாலோ பிலிருபின் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. கில்பர்ட் என்ற பரம்பரை நிலை உள்ளவர்களுக்குப் பிலிருபின் ஆயுள் முழுக்கச் சற்று ஏறியே இருக்கும். அவர்களுக்கு அதனால் கேடு ஒன்றும் இல்லை.

பச்சிளங்குழந்தைக்குக் கதை வேறு. மிக அதிகமானால் மூளையைத் தாக்கும், அதனால்தான் நம் மருத்துவமனைகளில் குழந்தையை நீல விளக்கின் கீழ் வைக்கிறார்கள். எச்ஓ-1 இங்கே எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது: குழந்தைக்குப் பிலிருபின் குறைய இதே என்சைமைத் தடுக்கலாம் என்று வெள்ளீயம் சேர்ந்த ஒரு மருந்தைப் பல ஆண்டு சோதித்தார்கள். அமெரிக்காவில் 2018-இல் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஒரு நோயாளியிடம் ஏற்றப் பார்க்கும் என்சைமை இன்னொரு நோயாளியிடம் இறக்கப் பார்க்கிறார்கள். ‘நல்ல என்சைம்’ என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் நான் யாருக்கு, எப்போது என்று கேட்பது இதனால்தான்.

எல்லாம் எலிக்குப் பண்ணதுதானே? மனுஷன்கிட்ட பார்த்தாங்களா?

தொடக்கம் எலிதான். 1999-இல் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு, பிறவியிலேயே பருமனான ஒரு வகை எலிகளின் கொழுப்பு படிந்த கல்லீரல்களை எடுத்துக்கொண்டது. சில எலிகளுக்குக் கோபால்ட் புரோட்டோபோர்ஃபிரின் என்ற பொருளைக் கொடுத்து எச்ஓ-1-ஐ முன்கூட்டியே ஏற்றினார்கள். சிலவற்றுக்கு வைரஸ் வழியாக மரபணுவையே செலுத்தினார்கள். இரண்டு வழியிலும் காயம் குறைந்தது, மாற்று அறுவைக்குப் பின் பிழைத்த எலிகள் கூடின. என்சைமைத் தடுக்கும் பொருள் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. இந்தக் கடைசிச் சோதனைதான் எனக்குப் பிடித்தது. ஏற்றினால் நல்லது, தடுத்தால் கெட்டது என்று இரண்டு பக்கமும் காட்டினால்தான் இந்த என்சைம்தான் காரணம் என்று சொல்ல முடியும்.

மனிதர்களிடம் 2005-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு பார்த்தது. மாற்றி வைக்கும் கல்லீரல்களிலிருந்து முன்பும் பின்பும் சிறு துண்டுகளை எடுத்து எச்ஓ-1-ஐ அளந்தார்கள். வந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. ஐஸில் வைக்கும் முன்பே எச்ஓ-1 அதிகமாக இருந்த கல்லீரல்கள் பின்னால் அதிகக் காயம் காட்டின. தொடக்கத்தில் குறைவாக இருந்து, இரத்தம் பாய்ந்ததும் ஏறிய கல்லீரல்கள் நன்றாக வேலை செய்தன; காயம்பட்ட செல்களிலிருந்து இரத்தத்தில் கசியும் வேறு கல்லீரல் என்சைம்கள் குறைவு, பித்த உப்புச் சுரப்பு அதிகம். பிற்பாடு லாஸ் ஏஞ்சலஸ் குழுவும் மனிதக் கல்லீரல் துண்டுகளைப் பார்த்தபோது, இரத்தம் பாய்ந்த பின் எச்ஓ-1 கூடுதலாக இருந்தவற்றில் காயம் குறைவாக இருந்தது.

இவை எல்லாம் அளந்து பார்த்த ஆய்வுகள். மருந்து கொடுத்து ஏற்றி, அதனால் நோயாளி பிழைத்தார் என்று காட்டியவை அல்ல. புலனச் செய்தி இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதித்துவிட்டது.

தலை சுத்துது. அதிகமா இருந்தா நல்லதா, கம்மியா இருந்தா நல்லதா?

தீ பிடித்ததும் பொம்பா வண்டி நிலையத்திலிருந்து கிளம்பி வந்தால் நல்லது. ஆனால் நீங்கள் கூப்பிடும்போது எல்லா வண்டியும் ஏற்கெனவே வேறெங்கோ தீயணைக்கப் போயிருந்தால்? குரோனிங்கன் ஆய்வில் முன்பே எச்ஓ-1 ஏறியிருந்த கல்லீரல்கள் அப்படித்தான் என்று புரிந்துகொள்ளலாம். மூளைச்சாவு அடைந்த கொடையாளியின் உடலில் இரத்த அழுத்தம் தடுமாறும், அழற்சி பொங்கும். கொடையாளி தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தபோதே அந்தக் கல்லீரல் அடி வாங்கியிருக்கலாம். அங்கே உயர்ந்த எச்ஓ-1 பழைய காயத்தின் தடயம். அடுத்த அடிக்கு மேலும் ஏற அதனிடம் தெம்பு இல்லை.

ஆரோக்கியமான எலிக்கு முன்கூட்டி ஏற்றுவது வேறு, நொந்த கல்லீரலில் தானாக ஏறி நிற்பது வேறு. என் கருத்தில் இந்த ஆராய்ச்சி முழுவதிலும் கவனிக்க வேண்டியது இதுதான்: எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, வேண்டிய நேரத்தில் ஏற முடிகிறதா என்பது.

இது பரம்பரையா வருமா? எங்க அப்பாவுக்கு நல்ல கல்லீரல், எனக்கும் அப்படி இருக்குமா?

ஒரு பங்கு பரம்பரைதான். எச்ஓ-1 மரபணு 22-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் முன்பகுதியில் இரண்டு டிஎன்ஏ எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் ஒரு நீட்சி உண்டு. அது குட்டையாக உள்ளவர்களிடம் என்சைம் எளிதாக ஏறும், நீளமாக உள்ளவர்களிடம் மந்தமாக ஏறும். அதே மரபணுவில் வேறு ஓர் எழுத்து மாற்றமும் உண்டு. கொடையாளியின் மரபணுவில் அந்த மாற்றம் எப்படி இருக்கிறது என்பதற்கும் கல்லீரல் நிலைப்பதற்கும் தொடர்பு இருப்பதாகக் குரோனிங்கன் குழு 2008-இல் எழுதியது. கவனியுங்கள், வாங்குபவரின் மரபணு அல்ல, கொடுப்பவருடையது.

இந்த என்சைம் அறவே இல்லாமல் பிறப்பது மிக மிக அபூர்வம். 1999-இல் ஜப்பானில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அதை முதன்முதலாக விவரித்தார்கள். வளர்ச்சிக் குறைவு, சிவப்பணு உடைதல், இரத்தக் குழாய்ச் சேதம் எல்லாம் இருந்தன.

கொழுப்புக் கல்லீரல்னு கிளினிக்ல சொன்னாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன?

அந்த ஆய்வில் ஏன் குண்டு எலிகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கொழுப்பு படிந்த கல்லீரல் ஐஸையும் மீளோட்டக் காயத்தையும் தாங்காது. வீங்கிய செல்கள் நுண்குழாய்களை நெருக்குவதால் இரத்தம் சரியாக ஓடாது. கொடையாக வரும் கல்லீரலில் கொழுப்பு மிக அதிகம் என்றால் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். தட்டுப்பாடு கடுமையாக உள்ள நம் நாட்டில் அது பெரிய இழப்பு. எச்ஓ-1 வழியில் அப்படிப்பட்ட கல்லீரல்களைத் தேற்ற முடிந்தால் வரிசையில் நிற்பவர்களுக்கு லாபம்.

உங்கள் சொந்தக் கல்லீரலின் கொழுப்புக்கு எந்த என்சைமும் தேட வேண்டாம். இனிப்பு தூக்கலான தே தாரிக்கையும் இராத்திரி பத்து மணி மீ கோரெங்கையும் குறைத்து, நடந்து, எடையை இறக்கினால் கொழுப்பு குறையும். செம்பனைக் குலை வெட்டிய காலத்துச் சாப்பாட்டை, உட்கார்ந்து வண்டி ஓட்டும் காலத்திலும் சாப்பிடுகிறோம்.

மஞ்சள்ல இருக்கிற சத்து இந்த என்சைமை ஏத்துமாமே? பாசார் மாலாம்ல கேப்சூல் விக்கிறான்.

மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களில் எச்ஓ-1-ஐ ஏற்றுவது உண்மை. ஆனால் வாய்வழி சாப்பிட்டால் குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும், உறிஞ்சியதையும் கல்லீரல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடும். தட்டில் கொட்டிய அளவு உங்கள் கல்லீரல் செல்லைச் சேராது. இதைச் சமாளிக்க மிளகுச் சாறு சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய கேப்சூல்கள் வந்தன. அவற்றைச் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. ரசத்திலும் மீன் குழம்பிலும் போடும் மஞ்சள் எப்போதும்போல இருக்கட்டும், கேப்சூல் வேண்டாம்.

கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களுக்கு இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும். அவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவு இரத்தத்தில் ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். கூடினால் சிறுநீரகம் போகும், குறைந்தால் உடம்பு கல்லீரலை ஏற்க மறுக்கும். மூலிகை மாத்திரைகள் அந்த அளவைக் குலைக்கலாம். ஈப்போ தம்புன் பக்கம் வண்டி நிறுத்தி வாங்கி வரும் பொமெலோ பழமும்தான். கிரேப்ஃப்ரூட்டைப்போல அதுவும் மருந்தை உடைக்கும் குடல் என்சைமைத் தடுத்து இரத்தத்தில் மருந்தளவை ஏற்றிவிடும். கீழாநெல்லிச் சாறானாலும் சின்சே மருந்தானாலும் டாக்டரிடம் காட்டாமல் தொடக்கூடாது. பாட்டி காலத்திலிருந்து குடிக்கிறோம் என்பார்கள். பாட்டி டாக்ரோலிமஸ் சாப்பிடவில்லை.

ஊசியா வருமா? எவ்வளவு வெள்ளி ஆனாலும் பரவாயில்ல.

கல்லீரல் மாற்று அறுவைக்கென எச்ஓ-1-ஐ ஏற்ற அனுமதி பெற்ற மருந்து எதுவும் கிடையாது. வெள்ளி கட்டத் தயாராக இருப்பவரிடம் விற்க ஆள் வந்தால் அவர் பொய் சொல்கிறார்.

எலிக்குக் கொடுத்த கோபால்ட் கலவையை மனிதருக்குக் கொடுக்க முடியாது, அதற்குத் தனி நச்சுத்தன்மை உண்டு. ஹீம் ஆர்ஜினேட் என்ற மருந்து வேறு. போர்ஃபிரியா என்ற நோய்க்கு அது ஏற்கெனவே பயன்படுகிறது. ஹீமையே கொடுப்பதால் அதை உடைக்க எச்ஓ-1 ஏறுகிறது. எடின்பரோவில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். இரத்தத்தின் விழுங்கு செல்களில் எச்ஓ-1 ஏறியது, மருந்தும் பாதுகாப்பாகத் தெரிந்தது. அது சிறிய ஆய்வு. உறுப்பு நன்றாக நிலைத்தது என்ற நிரூபணமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் கல்லீரல்ல எச்ஓ-1 எவ்வளவுன்னு பிளட் டெஸ்ட்ல பார்க்கலாமா?

மருத்துவமனைச் சோதனைப் பட்டியலில் அது இல்லை. அறுவைக்குப் பின் டாக்டர் பார்ப்பது ஏஎஸ்டி, ஏஎல்டி (காயம்பட்ட கல்லீரலிலிருந்து கசியும் என்சைம்கள்), பிலிருபின், இரத்தம் உறையும் நேரம், லாக்டேட். ஏஎஸ்டி, ஏஎல்டி முதல் ஓரிரு நாள் ஆயிரக்கணக்கில் ஏறுவதும் உண்டு. குடும்பத்தார் அந்தத் தாளைப் பார்த்து அலற வேண்டாம். அது மேலே சொன்ன மீளோட்டக் காயத்தின் கணக்கு, நாளுக்கு நாள் இறங்குகிறதா என்பதே முக்கியம்.

அண்ணன் உயிரோட இருந்து பாதிக் கல்லீரல் குடுத்தா இந்தக் காயம் வராதா?

குறையும். இரண்டு அறுவையும் பக்கத்துப் பக்கத்து அறையில் நடப்பதால் ஐஸில் இருக்கும் நேரம் குறைவு. கொடுப்பவர் ஆரோக்கியமானவர், மூளைச்சாவின் அடியும் இல்லை. ஆனால் வைப்பது ஒரு பகுதி மட்டும். சிறிய துண்டின் வழியாக முழு இரத்தமும் பாய்வதால் அதற்கு வேறு வகை நெருக்கடி. வளர்ந்துகொண்டே வேலையும் செய்ய வேண்டும். கொடுப்பவருக்கும் அது பெரிய அறுவை என்பதை மறக்கக் கூடாது.

மலேசியாவில் கல்லீரல் மாற்று அறுவை 1995-இல் சுபாங் ஜெயாவில் இப்படி உயிருள்ள கொடையாளியிடமிருந்து குழந்தைக்கு வைத்துத்தான் தொடங்கியது. செலாயாங் மருத்துவமனை 2002-இல் தொடங்கியது.

சம்சு குடிச்சுக் கெட்ட கல்லீரலையும் இது காப்பாத்துமா?

இல்லை. குடியால் வரும் சுருக்கம் பல ஆண்டு சேர்ந்த தழும்பு. எச்ஓ-1 பேச்சு சில மணி நேரத்துக் காயத்தைப் பற்றியது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரெஸ்ஸரா இருந்தேன், மலேரியா நிறையப் பார்த்தேன். சிவப்பணு உடையுற நோய்தானே, அதுல இந்த என்சைம் உண்டா?

நல்ல கேள்வி, பழைய டிரெஸ்ஸருக்குத்தான் இது தோன்றும். மலேரியாவில் சிவப்பணு வெடித்து ஹீம் கொட்டுகிறது. மூளையைத் தாக்கும் மலேரியாவிலிருந்து எச்ஓ-1 சுண்டெலிகளைக் காப்பாற்றியது என்று 2007-இல் போர்ச்சுகல் குழு ஒன்று காட்டியது. மறு வருடமே இன்னொரு ஆய்வு வந்தது: கிருமி முதலில் கல்லீரலில் குடியேறும் கட்டத்தில், அங்கே அழற்சியை எச்ஓ-1 அடக்குவதால் கிருமிக்கே அது உதவுகிறது. காமாலைக் கேள்வியில் நான் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்ல வேண்டும்: யாருக்கு, எப்போது.

கல்லீரல் புற்றுநோய்க்காக மாத்திக்கிட்டவங்களுக்கு இந்த என்சைமை ஏத்துனா ஆபத்து இல்லையா?

அந்தக் கவலை ஆய்வாளர்களுக்கும் உண்டு. செல்லைச் சாகாமல் காக்கும் என்சைம் புற்றுச் செல்லையும் காக்கும். பல வகைக் கட்டிகளில் எச்ஓ-1 ஏறியிருக்கிறது. மருந்தின் தாக்கத்திலிருந்து கட்டி தப்பிக்கவும் அது துணைபோகிறது. ஆகவே ஏற்றுவதானால் சில மணி நேரம், அந்தக் கல்லீரலில் மட்டும் ஏற்ற வேண்டும். மாதக்கணக்கில் உடம்பு முழுக்க ஏற்றும் மருந்து இவர்களுக்குப் பொருந்தாது.

காயம் வர்றதுக்கு முன்னாடியே ஏறணும்னா, மூளைச்சாவு ஆனவருக்கே மருந்து குடுத்துட்டு எடுத்தா என்ன?

இந்த வரிசையில் மிகச் சிக்கலான கேள்வி இது. கேட்டவர் பதினேழு வயது மாணவி. இரண்டாம் கேள்வியில் சொன்ன தாமதம்தான் இங்கே பிரச்சினை. 4 டிகிரி ஐஸில் செல் புதிய புரதம் செய்யாது, இரத்தம் திறந்த பிறகு செய்யத் தொடங்கினால் முதல் சுற்றுச் சேதம் முடிந்திருக்கும். அதனால் கொடையாளியின் உடலில் இருக்கும்போதே ஏற்றுவது கணக்குப்படி சரி. ஆனால் அவருக்குக் கொடுக்கும் மருந்து அவரது இதயம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் போகும். அந்த உறுப்புகளை வாங்கப் போகும் வேறு நோயாளிகள் இந்தச் சோதனைக்குச் சம்மதம் தரவில்லை. இறந்தவரின் குடும்பத்திடமும் தனியாகக் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு மாற்று வழி கல்லீரலை ஐஸ் பெட்டிக்குப் பதிலாக இயந்திரத்தில் வைப்பது. உடல் சூட்டில், ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தை உள்ளே ஓட்டிக்கொண்டே வைத்திருப்பார்கள். ஐரோப்பாவில் நடந்து 2018-இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், அப்படி வைத்த கல்லீரல்களிலிருந்து காயத்தால் கசிந்த கல்லீரல் என்சைம் ஐஸில் வைத்தவற்றைவிடப் பாதியாக இருந்தது. அந்தச் சூட்டில் செல் புரதம் செய்யும், மருந்தை அந்த ஒரு கல்லீரலுக்கு மட்டும் கொடுக்கலாம், வேறு உறுப்புக்கோ நோயாளிக்கோ போகாது. எச்ஓ-1 கூடுதலாகச் சுரக்கும்படி மாற்றிய ஸ்டெம் செல்களை இயந்திரத்தில் ஓடும் எலிக் கல்லீரலுக்குள் விட்டுச் சீனக் குழு ஒன்று ஏற்கெனவே பார்த்திருக்கிறது, காயம் குறைந்தது. மனிதக் கல்லீரலில் இது வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. செலாயாங்கில் காத்திருக்கும் நம் ஊர்க்காரர் அறுவைக்குமுன் டாக்டரிடம் கேட்க வேண்டியது எச்ஓ-1 பற்றி அல்ல. கல்லீரல் எங்கிருந்து வருகிறது, எத்தனை மணி நேரம் ஐஸில் இருந்தது, கொழுப்பு எவ்வளவு என்ற மூன்றைக் கேட்டால் போதும்.